'காலனி' என்றால் நிலம்: 1892இல் நடந்த இரண்டு குடியேற்றங்கள்

2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த வாரம் அரக்கோணத்தில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டான்: "நம்ம ஊர்ல ரயில்வே காலனின்னா மரியாதை. எங்க தெருவைக் காலனின்னா மட்டும் எதிர்ல இருக்கிறவன் மூஞ்சி ஏன் மாறுது? இந்தச் சொல் நமக்கு எப்படி வந்துச்சு?"

அன்றைக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. உழுபவன், குடியேறிப் பயிரிடுபவன் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்தது அது. ரோமப் பேரரசு தான் பிடித்த நாடுகளில் தன் ஆட்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய இடங்களுக்கு அந்தப் பெயர். ஆக, காலனி என்றால் முதலில் நிலம். வீடு அதற்கு அப்புறம். நமக்கு வந்தது சொல் மட்டும்தான். அதற்குள் இருக்க வேண்டிய நிலம் எங்கே போனது என்பதுதான் கேள்வி.

இதற்குப் பதில் தேட 1892ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஒரே ஆண்டில், ஒரே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ், தரிசு நிலத்தில் குடும்பங்களை அமர்த்தும் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று பஞ்சாபில். இன்னொன்று நம் பக்கத்துச் செங்கல்பட்டில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 'நிலம் கொடுத்தோம், அவர்களால் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை' என்று இன்றும் சொல்லப்படும் பேச்சு எவ்வளவு பொய் என்பது விளங்கும்.

பஞ்சாப்: முதலில் தண்ணீர், பிறகு ஆட்கள்

இன்றைய பாகிஸ்தானில், செனாப் ஆற்றுக்கும் ராவி ஆற்றுக்கும் நடுவே சாந்தல் பார் என்றொரு வறண்ட சமவெளி. மாடு மேய்ப்பவர்கள் சுற்றித் திரிந்த இடம். அங்கே அரசு கீழ்ச் செனாப் கால்வாயை வெட்டியது. 1892இல் அதில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர் பாசனத்துக்கு வந்தது. மேய்ச்சல்காரர்களில் பலர் தங்கள் மண்ணிலேயே ஓரங்கட்டப்பட்டார்கள். அமிர்தசரஸ், ஜலந்தர், ஹோஷியார்பூர், சியால்கோட் போன்ற நெருக்கடி மிகுந்த மாவட்டங்களிலிருந்து விவசாயக் குடும்பங்களை அதிகாரிகள் தேர்ந்தெடுத்துக் கூட்டி வந்தார்கள்.

கொடுத்த அளவைப் பாருங்கள். நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்தார்கள். ஒரு சதுரம் சுமார் 28 ஏக்கர். சாதாரண விவசாயிக்கே அது கிடைத்தது. வசதியானவர்களுக்கும் அரசின் விசுவாசிகளுக்கும் பல மடங்கு. வயலுக்கு வாய்க்கால், ஊருக்கு எண், நேரான தெரு, விளைந்ததைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ரயில் பாதை, விற்க மண்டி. லயால்பூர் என்ற புது நகரமே எழுந்தது. இன்றைய பைசலாபாத் அதுதான். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் குடியேற்றத்தின் மக்கள்தொகை 8 லட்சத்தை நெருங்கியிருந்தது. இந்த இடங்களுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'கால்வாய்க் காலனி'.

பகத் சிங் 1907இல் பிறந்தது இப்படி ஒரு காலனிக் கிராமத்தில்தான். ஜலந்தர் பக்கத்திலிருந்து அவர் தாத்தா குடும்பத்தோடு குடிபெயர்ந்து நிலம் பெற்ற ஊர் அது.

ஆனால் யாருக்கு நிலம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'பரம்பரை விவசாயச் சாதிகள்' என்று அரசு முத்திரை குத்தியவர்களுக்குத்தான் நிலம். ஜாட், ஆராய்ன், கம்போ போன்ற சாதிகள். அதே வயலில் காலங்காலமாக உழைத்த சமார், சூஹ்ரா மக்களும் கூடவே குடிபெயர்ந்தார்கள். ஆனால் நிலம் பெற்றவரின் கூலியாகத்தான். பட்டாளத்தில் வேலை செய்த மஸ்பி சீக்கியர் போன்ற சிலரைத் தவிர, தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் பெயரில் நிலம் ஏறவில்லை. 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில மாற்றுச் சட்டம் இதைப் பூட்டுப் போட்டு மூடியது. 'விவசாயச் சாதி' பட்டியலில் இல்லாதவர் அந்தப் பட்டியலில் இருப்பவரிடமிருந்து நிலம் வாங்குவதே கடினமாயிற்று. கையில் காசு இருந்தாலும் தலித்தால் வயல் வாங்க முடியாது. 1926இல் மங்கு ராம் தொடங்கிய அட்-தர்ம் இயக்கம் நில உரிமையைக் கேட்டுக் குரல் கொடுத்தது இந்தப் பின்னணியில்தான்.

செங்கல்பட்டு: நிலம் உண்டு, தண்ணீர் இல்லை

இப்போது அதே ஆண்டுச் செங்கல்பட்டுக்கு வருவோம்.

அங்கே மிராசு முறை ஆண்டுகொண்டிருந்தது. ஊரில் எந்த நிலத்துக்கும் மிராசுதாருக்கு முன்னுரிமை. தரிசாகக் கிடக்கும் அரசு நிலத்துக்கு ஒரு பறையர் தர்காஸ்து மனு போட்டால், 'அது எங்கள் ஊர் நிலம்' என்று மிராசுதார் முந்திக்கொள்வார். சேரி இருக்கும் மனைகூட மிராசுதாருடையது என்பார்கள். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரி என்பார்கள். குடியிருக்கும் இடமே அடுத்தவன் கையில் இருந்தால் கூலி உயர்வு கேட்பது எப்படி? கடனில் கட்டுண்ட படியாள் முறை இந்த அடித்தளத்தின் மேல்தான் நின்றது.

இதையெல்லாம் நேரில் பார்த்து, செங்கல்பட்டு மாவட்டப் பொறுப்புக் கலெக்டராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். குடியிருப்பு மனைக்கு உரிமை, பள்ளிக்கூடம், சாகுபடிக்குத் தரிசு நிலம் ஆகியவை அவர் கேட்டவற்றில் முக்கியமானவை. செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர் பக்கம் வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளும் இதே கோரிக்கையை எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் கருணையால் வந்தது என்று இதைச் சுருக்கிவிடாதீர்கள். அதே ஆண்டுகளில் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையைக் கட்டினார். இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையை நடத்தினார், 1893இல் 'பறையன்' இதழைக் கொண்டுவந்தார். நம் ஆட்கள் மாநாடு போட்டு, தீர்மானம் எழுதி, மனு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. கோட்டைக்குள் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்ள முடியாத நிலை உருவாகியிருந்தது.

1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த்துறை அரசாணை 1010 வந்தது. திரமென்ஹீர் கேட்ட எல்லாவற்றையும் அரசு ஏற்கவில்லை. ஆனால் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று தரிசு நிலத்தை ஒதுக்கலாம் என்ற கொள்கை அதில் பிறந்தது. பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று நாம் சொல்வதன் தொடக்கம் இதுதான்.

தமிழ்நாட்டில் இப்படிக் கொடுக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் மேடையில் சொல்லும் எண். இது 1892இல் ஒரே நாளில் வந்த நிலம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பல பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. எம்.சி. ராஜாவும் சீனிவாசனும் சட்டசபைக்குள் குரல் கொடுத்த 1920களில் லேபர் டிபார்ட்மென்ட் வழியாக இந்த ஒப்படைகள் நடந்தன. பட்டாவில் நிபந்தனை இருந்தது: முதல் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும்.

லேபர் டிபார்ட்மென்ட் இன்னொன்றும் செய்தது. நெருக்கடியான சேரிகளுக்கு வெளியே இடம் வாங்கி, கூட்டுறவுச் சங்கம் வழியாகத் தவணையில் பணம் வசூலித்து, குடும்பங்களைப் புது மனையில் அமர்த்தியது. சுதந்திரத்துக்குப் பிறகு அரிஜன நலத்துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும் அதே வழியில் போயின. அரசு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகள் 'காலனி' ஆயின. பஞ்சாபில் அந்தச் சொல்லுக்கு 28 ஏக்கர் என்று பொருள். இங்கே அதன் பொருள் சில சென்ட்.

ஒரு பாட்டியின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் அரக்கோணத்துக்கும் காவேரிப்பாக்கத்துக்கும் இடையில் ஒரு கிராமத்தில் களப்பணி செய்தபோது ஒரு பாட்டியைச் சந்தித்தேன். மாமியார் காலத்தில் கொடுத்த ஒன்றரை ஏக்கர் எங்கே என்று கேட்டேன். ஊருக்கு மேற்கே கையைக் காட்டினார். சுண்ணாம்புக் கல் நிறைந்த மேட்டு நிலம். இப்போது அதில் வேறொருவரின் மாந்தோப்பு, சுற்றிக் கம்பிவேலி. ஆழ்துளைக் கிணறும் போட்டிருக்கிறார்கள்.

"எப்படிப் பாட்டி போச்சு?" என்று கேட்டேன்.

"நெலம் குடுத்தாங்க கண்ணு. தண்ணி குடுத்தாங்களா? மாடு குடுத்தாங்களா? மழை பேஞ்சா கேவுரு, இல்லனா அதுவும் இல்ல. பொண்ணு கல்யாணத்துக்கு எங்க வூட்டுக்காரரு காசு வாங்கினாரு. ஒரு காகிதத்துல ரேகை வெச்சாரு. அவ்ளோதான்."

அவர் கணவர் அதன் பிறகு ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். மகன் விடியற்காலை ரயிலில் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்.

நான் சமூகவியல் முதுகலையில் நிலச் சீர்திருத்தம் என்று ஒரு தாள் முழுக்கப் படித்தவள். அந்தப் பாட்டி மூன்று வாக்கியத்தில் சொன்னது அந்தத் தாளில் இல்லை.

அவர் சொன்னதை விரித்துப் பார்ப்போம். நம் பகுதி ஏரிப் பாசனப் பகுதி. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்றான காவேரிப்பாக்கம் ஏரி இங்கேதான் இருக்கிறது. ஏரிக்குக் கீழே ஆயக்கட்டில் இருக்கும் நஞ்சை பரம்பரையாக ஊர்க்காரர் கையில். தரிசு என்று ஒதுக்கப்பட்டது எல்லாம் ஏரித் தண்ணீர் ஏறாத மேடு, கரம்பு, பாறை. பல ஊர்களில் மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி வேலையைச் செய்தவர்கள் நம் ஆட்கள்தான். ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சிய கைக்குச் சொந்த வயலில் பாய்ச்சத் தண்ணீர் இல்லை.

அடுத்தது முதலீடு. கிணறு வெட்ட, மாடு வாங்க அரசுக் கடன் தரும் சட்டங்கள் 1883, 1884 ஆண்டுகளிலேயே இருந்தன. கடனுக்கு ஈடு வேண்டும். நிலத்தை அடமானம் வைக்கக் கூடாது என்பது பட்டா நிபந்தனை. அடுத்தவர் பிடுங்காமல் காப்பாற்றப் போட்ட நிபந்தனையே அரசுக் கடனுக்கான வாசலையும் அடைத்தது. வேறு வழியில்லாதவர் ஊரில் இருக்கும் ஆண்டையிடம்தான் போனார். அங்கே சட்டம் தெரியாதா என்ன? அடமானம் என்று எழுதாமல் 'அனுபவப் பாத்தியம்' என்று எழுதிக்கொண்டார்கள். சில இடங்களில் எழுதவே இல்லை.

நிபந்தனை தவறு என்று நான் சொல்லவில்லை. அது இருந்ததால்தான் இன்றைக்கும் நம்மால் நீதிமன்றத்துக்குப் போக முடிகிறது. நிலத்தை விற்கக் கூடாது என்று சொன்ன அரசு, விற்காமல் வாழ்வதற்கு வேண்டியதைக் கொடுக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

பஞ்சாப் குடியேற்றக்காரர்களுக்கும் நிபந்தனைகள் இருந்தன என்பது பலருக்குத் தெரியாது. விவசாயிகள் முதலில் அரசின் குத்தகையாளர்கள்தான். இஷ்டத்துக்கு விற்க முடியாது, அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். 1907இல் இந்த நிபந்தனைகளை இறுக்க ஒரு மசோதா வந்தபோது, பகத் சிங்கின் சித்தப்பா அஜித் சிங் முன்னின்று பெரும் போராட்டம் நடத்தினார். அவரையும் லாலா லஜபதி ராயையும் அரசு மாண்டலேக்கு நாடு கடத்தியது. ஆனாலும் வைஸ்ராய் அந்த மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தார். 1912ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயிகள் முழு உரிமை பெற வழி திறந்தது. நிலமும் தண்ணீரும் கையில் இருந்தவர்கள், பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் சாதியினர். அவர்கள் போராடியபோது அரசு இறங்கி வந்தது.

நாம் போராடியபோது என்ன நடந்தது? 1994இல் மாமல்லபுரம் அருகே காரணை கிராமத்தில் பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் திரண்டார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். இன்று 'பஞ்சமி நிலம்' என்ற சொல் வெற்றிமாறனின் 'அசுரன்' படம் வரை வந்திருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் இந்த இரத்தம் இருக்கிறது.

அம்பேத்கர் கேட்ட காலனி

இந்தத் தோல்வியை யாரையும்விடத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் பாபாசாகேப். 1942 ஜூலையில் நாக்பூரில் தாழ்த்தப்பட்டோர் மாநாடு நடந்தது. தலைமை வகித்தவர் நம் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ். பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு பிறந்ததும் அங்கேதான். அந்த மாநாட்டுத் தீர்மானங்களில் ஒன்று, ஊரை விட்டு வெளியேறித் தனிக் கிராமங்களில் குடியேற அரசு உதவ வேண்டும் என்பது.

1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக அம்பேத்கர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற மனுவில் இது சட்ட வடிவம் பெற்றது. அரசியலமைப்பின் கீழ் ஒரு குடியேற்ற ஆணையம் அமைய வேண்டும். அரசிடம் உள்ள சாகுபடி செய்யப்படாத நிலங்களை அந்த ஆணையம் பட்டியல் சாதியினருக்காகப் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும். தனிக் கிராமங்களை உருவாக்க வேண்டும். இதற்கு ஒன்றிய அரசு ஆண்டுதோறும் 5 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டும். 1947இன் 5 கோடி!

அதே மனுவில் வேளாண்மை பற்றி அவர் எழுதியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விவசாயம் அரசுத் தொழிலாக இருக்க வேண்டும். நிலத்தைச் சாதி பார்க்காமல் கிராமத்துக் குடும்பங்களுக்குக் குத்தகைக்கு விட்டு, அவர்கள் கூட்டாகப் பயிரிட வேண்டும். தண்ணீர், உழவு மாடு, கருவிகள், எரு, விதை எல்லாவற்றுக்கும் அரசு செலவு செய்ய வேண்டும். அந்தப் பாட்டி "தண்ணி குடுத்தாங்களா, மாடு குடுத்தாங்களா" என்று கேட்டாரே, அந்தப் பட்டியலை பாபாசாகேப் 1947இலேயே எழுதி வைத்திருக்கிறார்.

ஏன் தனிக் கிராமம்? சேரி ஊருக்குச் சிறுபான்மை. வேலை, தண்ணீர், வழி, கடன் எல்லாம் ஊர் கையில். அந்த உறவு அறுபடாமல் நிலம் மட்டும் கொடுத்தால், ஊர் ஏதாவது ஒரு வழியில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். செங்கல்பட்டின் அனுபவம் இதற்குச் சான்று. அரசியல் நிர்ணய சபை இந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் 1964இல் தொடங்கி நாடு முழுக்க நில சத்தியாகிரகம் நடந்து லட்சக்கணக்கானோர் சிறை சென்றது, ஏற்கப்படாத அந்தக் கோரிக்கையின் தொடர்ச்சிதான்.

இரண்டு எச்சரிக்கைகள்

சரி, அரசு நிலம் ஒதுக்கிக் குடும்பங்களை வேறிடத்தில் குடியேற்றினால் போதுமா? போதாது. இரண்டு வரலாறுகள் நம்மை எச்சரிக்கின்றன.

முதலாவது தண்டகாரண்யம். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளில் பெரும்பகுதி நாமசூத்திரர்கள். வங்கத்தின் தலித் உழவர்கள். நீர் நிறைந்த நிலத்தில் நெல் விளைவித்துப் பழகியவர்கள். அவர்களை ஒடிசாவின் கோராபுட்டுக்கும் அன்றைய மத்தியப் பிரதேசத்தின் பஸ்தருக்கும் அனுப்ப ஒன்றிய அரசு 1958இல் தண்டகாரண்யத் திட்டத்தைத் தொடங்கியது. வறண்ட மண், மொழி புரியாத இடம், ஆதிவாசிகளின் காடு. தாங்க முடியாமல் 1978இல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வங்கத்துக்குத் திரும்பி, சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி தீவில் தாங்களாகவே குடியேறினார்கள். பள்ளிக்கூடம் கட்டினார்கள், மீன் வளர்த்தார்கள். அரசு உதவியில்லாமல் எழுந்த அந்தக் காலனியை 1979 ஜனவரியில் அரசு முற்றுகையிட்டது. உணவும் தண்ணீரும் தடுக்கப்பட்டன. துப்பாக்கிச்சூடு நடந்தது. மே மாதத்தில் எல்லோரையும் அப்புறப்படுத்தினார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது.

இரண்டாவது நம் நீலகிரி. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அந்த மக்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தம் இல்லை அது. அவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் வேலை செய்தவர்களைக் கப்பலில் ராமேஸ்வரத்தில் இறக்கி, மண்டபம் முகாமில் பதிந்து, பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஒரு பகுதியினருக்காக நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் உருவானது. இன்றைய டான்டீ அதுதான். காட்டைத் திருத்தித் தேயிலைச் செடி நட்டவர்கள் அவர்கள். ஆனால் நிலம் அவர்கள் பெயரில் இல்லை. வேலை இருக்கும்வரை லயன் வீடு. அண்மை ஆண்டுகளில் தோட்டத்தின் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்கும் முடிவு வந்தபோது, ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் வீட்டைக் காலி செய்து எங்கே போவது என்று கேட்டு நின்றார்கள்.

முதல் கதையில் குடியேறுபவரின் விருப்பமும் தொழிலறிவும் கணக்கில் வரவில்லை, ஆதிவாசிகளின் உரிமையும் கணக்கில் வரவில்லை. இரண்டாவது கதையில் வேலை வந்தது, பட்டா வரவில்லை. அம்பேத்கர் கேட்ட ஆணையத்தை இந்த இரண்டோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் கேட்டது தூக்கி எறியப்படுவதை அல்ல, உரிமையோடு வெளியேறுவதை.

நம் பக்கத்தில் என்ன மிச்சம்?

நம் வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் இன்னொன்றும் நடந்தது. நிலம் நிற்காதபோது மக்கள் தாங்களாகவே குடிபெயர்ந்தார்கள். கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு தோல் ஷாப்புகளுக்குப் போனார்கள். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் வந்த ரயில் அரக்கோணம் வழியாகத்தான் போனது. ரயில் வேலைக்கும் போனார்கள். அரசு ஒரு பைசா உதவி செய்யாத குடிபெயர்வு அது. அதில் கொஞ்சம் கூலியும், ஆண்டையின் முகத்தில் விழிக்காமல் வாழும் கொஞ்சம் நிம்மதியும் கிடைத்தன.

ஆனால் அந்தத் தொழிலின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையைக் கெடுத்தது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை 1996இல் உச்ச நீதிமன்றமே வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பில் பதிவு செய்திருக்கிறது. தண்ணீர் இல்லாத நிலம் கொடுத்தார்கள். நிலத்தை விட்டு வந்த இடத்தில் தண்ணீரும் கெட்டது.

2006இல் நிலமற்றோருக்கு 2 ஏக்கர் தரும் திட்டம் வந்தபோதும் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்: எந்த நிலம், கிணற்றுக்கு என்ன வழி, மின் இணைப்பு எப்போது, வண்டி போகப் பாதை உண்டா? பட்டா வழங்கும் விழாவில் புகைப்படம் எடுப்பவர்கள் இதைக் கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டும்.

படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் டி.சி. நிலம் எது என்று தாத்தா, பாட்டிகளிடம் கேட்டுப் புல எண்களை எழுதுங்கள். இன்றைய கணினிச் சிட்டாவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். பணியின்போது பல ஊர்களில் 'நிபந்தனை' என்ற குறிப்பே காணாமல் போய், அனுபவத்தில் இருந்தவர் பெயர் ஏறிவிட்டது. அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் ஒப்படைப் பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒருமுறை நான் கேட்டபோது, 'பதிவேடு சிதிலமடைந்துவிட்டது' என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்த பிறகு அதே பதிவேடு முழுசாக வெளியே வந்தது. பட்டியல் சாதியினரின் நிலத்தை அபகரிப்பது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் குற்றம். இதை வெறும் சிவில் வழக்கு என்று சொல்லித் திருப்பி அனுப்ப விடாதீர்கள்.

நிலத்தை மீட்டால் மட்டும் போதும் என்று நிறுத்திவிடவும் கூடாது. மீட்ட நிலத்துக்குக் கிணறு, மோட்டார், கடன், கூட்டுறவு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு தலைமுறையில் இன்னொரு ரேகை, இன்னொரு காகிதம்.

அந்தத் தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். காலனி என்ற சொல் ஆவணத்திலிருந்து போகட்டும். அது இழிசொல்லாக நம் மீது வீசப்பட்ட வரை அதைத் தூக்கி எறிவது நியாயம்தான். ஆனால் பலகையை மாற்றிவிட்டுப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டு வை: பஞ்சாபில் இந்தச் சொல்லோடு கொடுத்த நிலமும் வாய்க்காலும் எங்களுக்கு எப்போது வரும்?

ஜெய் பீம்.